அகச்சிவப்புச் செய்மதிப் படங்களில் கொழும்பை ஆராய்தல்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் எந்தப் பகுதி அதிகம் சூடேறுகிறது, எங்கே மரங்கள் குறைந்துவிட்டன, எந்தச் சதுப்பு நிலம் மண் நிரப்பப்பட்டுக் குடியிருப்பாகிவிட்டது என்பவற்றையெல்லாம் வீட்டிலிருந்தபடியே செய்மதிப் படங்களைக் கொண்டு ஆராயலாம். படங்களுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இதில் இறங்குகிறவர்கள் பலர் பாதி வழியில் திணறிப்போகிறார்கள். நானும் அப்படித் திணறித்தான் கற்றுக்கொண்டேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் மேகம் குறைந்த வறண்ட நகரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதே இதற்கு முக்கிய காரணம். ஈரவலயத்தில், கடலோரத்தில் கிடக்கும் கொழும்புக்கு அவற்றை அப்படியே பின்பற்றினால், செய்முறை எல்லாம் சரியாக இருந்தும் கையில் நம்பத்தக்க விடை இராது. எனவே இங்கே ஒழுங்கைச் சற்று மாற்றியிருக்கிறேன்: மென்பொருளைக் கற்பதற்கு முன்னரே நாளைத் தேடுங்கள்.

1. கேள்வியையும் எல்லையையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"கொழும்பின் நகர வெப்பம்" என்பது தலைப்பு மட்டுமே. அது ஆய்வுக் கேள்வி ஆகாது. "கொழும்பு மாநகர சபை எல்லைக்குள், ஜனவரி முதல் மார்ச் வரையான காலப்பகுதியின் காலை வேளைகளில், மரச்செறிவு கூடிய கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் தரை வெப்பநிலை மற்றவற்றைவிடக் குறைவாக உள்ளதா?" என்று எழுதினால் அதற்கு விடை காண முடியும். இடம், பருவம், நாளின் வேளை, அளக்கப்படும் பொருள் ஆகிய நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

எல்லை விடயத்தில் குழப்பம் எளிதில் வரும். கொழும்பு மாவட்டம் என்றால் அவிசாவளை வரை போகும். அங்குள்ள இறப்பர்த் தோட்டங்களும் சேர்ந்து சராசரியைக் குளிர்த்திவிடும். மாநகர சபைப் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் மட்டுமே; கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்ற இரண்டு பிரதேச செயலாளர் பிரிவுகள் சேர்ந்ததே அது. கொலன்னாவை, பத்தரமுல்லை, தெஹிவளை ஆகியவற்றையும் சேர்ப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நகரத்துக்கும் அதன் புறத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடே உங்கள் கேள்வியானால் அவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

2. எந்த அகச்சிவப்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

அகச்சிவப்பு என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடங்கியிருக்கின்றன. அண்மை அகச்சிவப்பு சூரிய ஒளியின் தெறிப்பு. பச்சை இலை அதை மிகுதியாகத் தெறிக்கச் செய்வதால் மரம், புல், வயல் ஆகியவற்றை இனங்காண இது உதவும். குற்றலை அகச்சிவப்பும் தெறிப்பே. ஈரம் இதை உறிஞ்சிவிடும் என்பதால் ஈரமண், காய்ந்த மண், கட்டடப் பரப்பு ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். வெப்ப அகச்சிவப்பு அப்படியல்ல. கூரையும் வீதியும் நீரும் தம் வெப்பத்துக்கேற்பத் தாமே வெளியிடும் கதிர்வீச்சு அது. வெப்பநிலையைக் கணிக்க இது ஒன்றுதான் பயன்படும்.

ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகளில் வெப்ப அகச்சிவப்புப் பட்டை (அந்த அலைநீளத்தை மட்டும் பதியும் தனிப் படம்) கிடையாது. அதன் அண்மை அகச்சிவப்புப் படம் 10 மீற்றர் நுணுக்கத்தில் (அதாவது ஒரு பிக்சல் தரையில் 10 மீற்றர்ச் சதுரம்) அழகாக இருக்கும், சிவப்பாகவும் தெரியும். அந்தச் சிவப்பு தாவரத்தைக் குறிக்கிறதே தவிர வெப்பத்தை அல்ல. இதை வெப்ப வரைபடம் என்று அறிமுகப்படுத்திய விளக்கவுரைகளை நான் கேட்டிருக்கிறேன்.

வெப்பநிலைக்கு நடைமுறையில் கைகொடுப்பவை அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 9 ஆகிய இரண்டு செய்மதிகளுமே. முன்னது 2013 பெப்ரவரியிலும் பின்னது 2021 செப்டெம்பரிலும் ஏவப்பட்டன. இவற்றின் தெறிப்புப் பட்டைகள் 30 மீற்றர் நுணுக்கமும் வெப்பப் பட்டைகள் 100 மீற்றர் நுணுக்கமும் உடையவை. வெப்பக் கோப்பும் 30 மீற்றர்ச் சதுரங்களாகவே வழங்கப்படுவதால் அது 30 மீற்றருக்கு நுணுக்கமானது என்று எண்ணிவிடாதீர்கள். அது மறுகூறாக்கத்தால், அதாவது பெரிய சதுரங்களைச் சிறியவையாகப் பிரித்துக் கொடுப்பதால், வந்த தோற்றம். 100 மீற்றருக்கு 100 மீற்றர் என்றால் ஒரு ஹெக்டேர். 269 ஹெக்டேர் பரப்புள்ள துறைமுக நகரத்துக்கு ஏறத்தாழ 269 உண்மையான வெப்ப அளவீடுகள் கிடைக்கும்; காலிமுகத்திடலின் புல்வெளிக்கு ஐந்தளவில் கிடைத்தால் அதிகம், அவற்றிலும் பாதி காலி வீதியையும் கடலையும் கலந்தே இருக்கும். வெள்ளவத்தையில் உங்கள் ஒழுங்கையின் வெப்பநிலையைச் சொல்ல இந்தப் படத்தால் முடியாது.

3. கணக்குகள், மென்பொருள், செலவு

அமெரிக்க புவியியல் அளவை நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்தால் லேண்ட்சாட் படங்கள் கிடைக்கும். எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று பதிவின்போது கேட்பார்கள். கல்வி என்று குறிப்பிட்டால் போதும். சென்டினலுக்கு கோப்பர்னிக்கஸ் டேட்டா ஸ்பேஸ் தளம் உண்டு. 2023 இல் மூடப்பட்ட பழைய தளத்தின் முகவரியே இன்றும் பல குறிப்புகளில் காணப்படுகிறது, அதைத் தேடி அலைய வேண்டாம். வரைபடங்களைக் கையாளும் மென்பொருளாக கியூஜிஐஎஸ் போதுமானது, அதுவும் இலவசம்.

உண்மையான செலவு இணையத்துக்குத்தான். ஒரு முழு லேண்ட்சாட் தொகுதி ஒரு கிகாபைட்டை நெருங்கும். தேவையான பட்டைகளை மட்டும் தனித்தனியாக இறக்கும் வசதி எர்த் எக்ஸ்ப்ளோரரில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் மிக மலிவாக முடியும். நள்ளிரவுக்குப் பிந்திய ஒதுக்கீடு உள்ள பக்கேஜ் வைத்திருப்பவர்கள் பெரிய தொகுதிகளை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கணினியில் 8 கிகாபைட் நினைவகம் இருந்தால் நகரத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தாராளமாக வேலை செய்யலாம். அதற்கும் குறைந்த கணினி உள்ளவர்கள் கூகுள் எர்த் எஞ்சினை எண்ணிப் பார்க்கலாம். அங்கே கணிப்பு முழுவதும் தொலைவிலுள்ள வழங்கியில் நடக்கும். கல்விக்கும் இலாப நோக்கற்ற ஆய்வுக்கும் அது இலவசம், ஆனால் பயன்பாட்டு நோக்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், கொஞ்சம் நிரலெழுதவும் தெரிய வேண்டும். ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்துக்காகச் செய்யும் வேலையை மாணவர் கணக்கில் செய்யாதீர்கள்.

4. மேகமில்லாத நாளைத் தேடுங்கள்

உங்கள் கால அட்டவணையில் மிகுந்த இடத்தை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். எந்த ஆண்டை ஆராய்வது என்பதைக்கூடக் கிடைக்கும் படங்களைப் பார்த்த பின்னரே முடிவு செய்வது நல்லது.

லேண்ட்சாட் ஒவ்வொன்றும் 16 நாட்களுக்கு ஒரு முறை அதே இடத்தைக் கடக்கும். இரண்டும் சேர்ந்தால் 8 நாட்களுக்கு ஒரு படம். ஆக மாதத்துக்கு மூன்று அல்லது நான்கு வாய்ப்புகளே உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. இந்த மாதங்களில் நகரம் முழுவதும் தெளிவாக உள்ள ஒரு படம் அகப்பட்டால் அதிர்ஷ்டம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஒப்பீட்டளவில் திறந்திருக்கும். தேடலை அங்கே தொடங்குங்கள். டிசம்பரையும் ஏப்ரல் முற்பகுதியையும் இருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆண்டு முழுவதற்குமான மாதாந்த வெப்பநிலை" என்று ஆய்வு முன்மொழிவில் எழுதிக் கையொப்பமும் வாங்கிவிட்டால் பின்னர் அதைக் காப்பாற்றுவது மிகக் கடினம்.

லேண்ட்சாட் படம் ஒவ்வொன்றின் இடத்தையும் தடம், வரிசை என்ற இரண்டு எண்கள் குறிக்கும். எர்த் எக்ஸ்ப்ளோரரில் கொழும்புக்கான தடம் 141, வரிசை 55. தேடல் பெட்டியில் இவற்றை நேரடியாக இட்டால் வீண் முடிவுகள் வராது. அடுத்து மேக அளவு. பலரும் பத்து வீதத்துக்குக் குறைவு என்று வடிகட்டி, ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிடுகிறார்கள். அந்த வீதம் ஏறத்தாழ 185 கிலோமீற்றர் அகலமான முழுப் படத்துக்கும் உரியது. அதற்குள் மலையகமும் வருகிறது. மலையகம் மேகத்தில் மூழ்கியிருக்கும் நாளில் படத்தின் மேக அளவு அறுபது வீதம் என்று காட்டினாலும் கொழும்பு பளிச்சென்று இருக்கலாம். மறுதலையாக, மொத்தத்தில் எட்டு வீதம் மேகமே உள்ள ஒரு படத்தில் அந்த எட்டும் புறக்கோட்டைக்கு மேலே பஞ்சுப் பொதிகளாக நிற்கவும் கூடும். ஆகவே வடிகட்டியை எழுபது, எண்பது வீதம் வரை தளர்த்திவிட்டு, முன்தோற்றப் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். அலுப்புத் தரும் வேலைதான், ஆனால் இதற்கு மாற்று வழி இல்லை.

பார்த்ததை உடனுக்குடன் அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள்: திகதி, எந்த லேண்ட்சாட், கொழும்புக்கு மேல் மேகம் உண்டா இல்லையா, மேக நிழல் எங்கே விழுகிறது, முந்திய நாள் மழை பெய்ததா. கடைசியாகச் சொன்னது முக்கியம். மழை பெய்து ஈரமாக இருக்கும் தரையும் நான்கு நாள் காய்ந்த தரையும் ஒரே வெயிலில் ஒரே வெப்பநிலையைக் காட்டமாட்டா.

மெல்லிய கீற்று மேகம் தனி ஆபத்து. சாதாரண நிறப் படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெப்பநிலையைக் குறைத்துக் காட்டிவிடும். இதற்கென்றே லேண்ட்சாட்டின் 9 ஆம் பட்டை இருக்கிறது. சந்தேகமான நாட்களுக்கு அதையும் திறந்து பாருங்கள்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிட விரும்புவோர் லேண்ட்சாட் 5, லேண்ட்சாட் 7 ஆகியவற்றை நாடலாம். லேண்ட்சாட் 7 இன் வருடு கருவியின் ஒரு பாகம் 2003 மே 31 அன்று பழுதடைந்ததால் அதற்குப் பிந்திய படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்புக் கோடுகளாக விடுபட்டிருக்கும். லேண்ட்சாட் 5 இன் வெப்பப் பட்டை 120 மீற்றர் நுணுக்கமே உடையது. இரண்டையும் இன்றைய படத்தோடு பக்கத்தில் வைத்து "இத்தனை பாகை கூடிவிட்டது" என்று சொல்வதில் நிறையக் கவனம் தேவை. எட்டாம் படியில் அதைப் பற்றி மேலும் சொல்கிறேன்.

5. எந்தக் கோப்புகளை இறக்குவது

கலெக்ஷன் 2 (தரவு வெளியீட்டுத் தொகுப்பு), லெவல் 2 (பதப்படுத்திய நிலை) என்பதைத் தெரிவு செய்யுங்கள். வளிமண்டலத் திருத்தமும் தரை வெப்பநிலைக் கணிப்பும் அதில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். லெவல் 1 கோப்பை எடுத்து நீளமான சூத்திரங்களால் வெப்பநிலையை நீங்களே கணிக்கும் முறையை மேற்பார்வையாளர் கற்பதற்காகக் கேட்டால் ஒரு முறை செய்து பாருங்கள். முடிவுகளுக்கு லெவல் 2 போதும்.

இறக்க வேண்டியவை: சிவப்புக்கு 4 ஆம் பட்டை, அண்மை அகச்சிவப்புக்கு 5, குற்றலை அகச்சிவப்புக்கு 6, தரை வெப்பநிலைக் கோப்பான எஸ்டி பி10, மேகத்தையும் நிழலையும் குறிக்கும் கியூஏ பிக்சல் கோப்பு, வெப்பநிலையின் நிச்சயமின்மையைச் சொல்லும் எஸ்டி கியூஏ கோப்பு, இவற்றோடு எம்டிஎல் என்று முடியும் விவரக் கோப்பு. சில நாட்களுக்குத் தெறிப்புக் கோப்புகள் மட்டுமே இருக்கும், வெப்பநிலைக் கோப்பு இராது. படத்தின் பெயரில் எல்2எஸ்பி என்று இருந்தால் இரண்டும் உண்டு. எல்2எஸ்ஆர் என்று இருந்தால் வெப்பநிலை இல்லை. இறக்குவதற்கு முன் பெயரைப் படியுங்கள்.

புதிதாக எடுக்கப்பட்ட படம் அன்றைக்கே லெவல் 2 வடிவில் கிடைக்காது. சில நாட்கள் பொறுக்க வேண்டும். ஒப்படைக்கும் வாரத்தில் எடுக்கப்படும் படத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

6. எல்லைக் கோப்பும் ஆள்கூற்று முறையும்

நிர்வாக எல்லைகளை, கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை, ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்கள் அலுவலகம் நடத்தும் ஹியூமானிட்டேரியன் டேட்டா எக்ஸ்சேஞ்ச் தளத்தில் இலவசமாகப் பெறலாம். கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் உண்டு.

லேண்ட்சாட் படம் யூடிஎம் 44 வடக்கு வலய எறியத்தில் (உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறை) வரும். உள்ளூரில் கைமாறிக் கைமாறி வரும் கோப்புகளோ இலங்கையின் தேசிய ஆள்கூற்று முறைகளில் ஒன்றில் இருக்கும். பழையது கண்டாவளை அடிப்படையிலானது. பிந்தியது எஸ்எல்டி 99. எறிய விவரம் தொலைந்துபோன கோப்பு ஒன்று கையில் கிடைத்தால், கொழும்பு நகரத்தின் கிழக்கு ஆள்கூற்றைப் பாருங்கள். அது ஒரு இலட்சத்தை ஒட்டியிருந்தால் பழைய முறை. நான்கு இலட்சத்தை ஒட்டியிருந்தால் எஸ்எல்டி 99. எறியத்தைச் சரியாகக் கொடுத்தும் ஆதாரத் தரவின் (ஆள்கூறுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் பூமி மாதிரியின்) மாற்றத்தைத் தவறவிட்டால் எல்லைக்கோடு இருநூறு மீற்றருக்கு மேல் விலகி நிற்கும். துறைமுக அலைதாங்கிகள், பேர வாவியின் கரை ஆகியவற்றின் மீது எல்லைக் கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். வெப்பப் படத்தில் இரண்டு பிக்சல் விலகினால் கரையோரப் பிரிவுகளின் சராசரிக்குள் கடல் புகுந்துவிடும்.

7. கோப்பிலுள்ள எண்களை அளவுகளாக மாற்றுங்கள்

கோப்பைத் திறந்தவுடன் பிக்சல்களில் நாற்பதாயிரத்தைவிடப் பெரிய எண்கள் தெரியும். அவை வெப்பநிலை அல்ல. வெப்பநிலைக் கோப்பின் எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி, 149 ஐக் கூட்டினால் கெல்வின் வரும், அதிலிருந்து 273.15 ஐக் கழித்தால் பாகை செல்சியஸ். 45000 என்ற எண் 29.66 பாகை, 48000 என்பது 39.91 பாகை. உங்கள் ராஸ்டர் கால்குலேட்டர் (பிக்சல்தோறும் கணக்குப் போடும் மென்பொருள் வசதி) இதே விடைகளைத் தருகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் மிகக் குறைந்த வெப்பநிலை −124.15 என்று காட்டினால் பதற வேண்டாம். தரவில்லாத பிக்சல்களின் பூச்சியத்தையும் மென்பொருள் கணக்கில் எடுத்திருக்கிறது. பூச்சியத்தை வெற்றுப் பெறுமதி என்று அறிவித்துவிட்டு மீண்டும் கணியுங்கள்.

தெறிப்புப் பட்டைகளுக்கான மாற்றம் வேறு: எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 ஐக் கழிக்க வேண்டும். தாவரச் செறிவைக் காட்டும் தாவரச் சுட்டிக்கு, அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து வரும் எண்ணை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விகிதம்தானே, மாற்றாத எண்களையே வைத்து வகுத்தால் என்ன என்று தோன்றும். அந்த 0.2 கழித்தல் இருப்பதால் அப்படிச் செய்ய முடியாது. சிவப்பு 9000, அண்மை அகச்சிவப்பு 18000 என்று ஒரு பிக்சல் இருந்தால், மாற்றாமல் வகுக்கும்போது 0.33 வரும், மாற்றிய பின் 0.72 வரும். முதலாவது விடையின்படி அது அரைகுறைப் புல். இரண்டாவதன்படி அடர்ந்த மரத்தோப்பு. கறுவாத்தோட்டத்தின் மரநிழல் வீதிகள் உங்கள் வரைபடத்தில் வெறும் புல்வெளிபோலத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சென்டினல் 2 இலும் இதே வகைப் பொறி உண்டு. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த செயற்பதிப்பில் (படங்களைப் பதப்படுத்தும் முறையின் பதிப்பு) எண்ணிலிருந்து 1000 ஐக் கழித்த பின்னரே 10000 ஆல் வகுக்க வேண்டும். அதற்கு முந்திய பதிப்பில் கழித்தல் இல்லை. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டு கோப்புகளினதும் பதிப்பைப் பாருங்கள். கொழும்பு நகரம் அடங்கும் சென்டினல் சதுரத்தின் குறியீடு 44 என்எல்என்.

மேகத்தை நீக்குவதற்கு கியூஏ பிக்சல் கோப்பில் 21824 என்ற பெறுமதியுள்ள பிக்சல்கள் தெளிந்த தரை, 21952 தெளிந்த நீர். இவ்விரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குவது தொடக்கத்தில் பாதுகாப்பானது. ஆனால் பெரிய வெண்ணிறக் கூரைகளை இந்தச் சோதனை சிலவேளை மேகமென்று எண்ணிவிடும். தெளிந்த நாளிலும் துறைமுகப் பண்டசாலைகளின் மேல் ஓட்டைகள் விழுந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

8. படத்தை வாசியுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள்

வண்ணம் தீட்டிய வெப்ப வரைபடம் வந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வரும். உண்மையான ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவதாக, நீங்கள் வைத்திருப்பது தரையின் வெப்பநிலை. காற்றின் வெப்பநிலை அல்ல. வெயிலில் கிடக்கும் தார் வீதி நாற்பது பாகையைத் தாண்டியிருக்கும்போது அதன் மேல் நடப்பவர் சுவாசிக்கும் காற்று முப்பதை ஒட்டியிருக்கலாம். அதைவிட, செய்மதி மேலிருந்து பார்க்கிறது. புறக்கோட்டையின் குறுக்குத்தெருக்கள் ஒடுங்கியவை. அங்கே பிக்சலில் பதிவது பெரும்பாலும் கூரைகளே. அந்தத் தெருவில் சுமை தூக்குகிறவர் உணரும் வெப்பம் என்று அதை எழுதினால் அது பிழை.

இரண்டாவதாக, வேளை. லேண்ட்சாட் கொழும்பைக் கடப்பது காலை பத்தே காலுக்கும் பத்தரைக்கும் இடைப்பட்ட நேரத்தில். கொங்கிறீற்று இன்னும் சூடேறி முடிந்திராத, பிற்பகல் கடற்காற்று இன்னும் வலுக்காத வேளை அது. நகர வெப்பத்தீவின், அதாவது சுற்றுப்புறத்தைவிடச் சூடான நகரத்தின், காற்று வெப்பநிலை வேறுபாடு பொதுவாகக் கூர்மையாவது இரவில். அதைக் காலைப் படத்தில் தேடக் கூடாது. இரவுப் படம் வேண்டுவோர் சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018 முதல் இருக்கும் எக்கோஸ்ட்ரெஸ் கருவியின் தரவை நாசாவின் ஆப்பியர்ஸ் சேவையூடாக, தமது ஆய்வுப் பரப்புக்கு மட்டும் வெட்டிப் பெறலாம். அதன் நுணுக்கம் ஏறத்தாழ 70 மீற்றர். கடக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் வேறுபடும். ஒழுங்கான இரவுத் தொடர் போதும், நுணுக்கம் வேண்டாம் என்றால் ஒரு கிலோமீற்றர் அளவிலான மோடிஸ் செய்மதிக் கருவியின் தரவு இருக்கிறது. மாநகர எல்லைக்குள் அது நாற்பது பிக்சலைக்கூடத் தராது.

மூன்றாவதாக, கதிர்வீசுதிறன். இரண்டு பொருள்கள் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் அவை வெளியிடும் கதிர்வீச்சு ஒன்றல்ல. பளபளப்பான தகரம் மிகக் குறைவாகவே வெளியிடும். ஆகையால் கை வைத்தால் சுடுகின்ற தகரக் கூரை படத்தில் குளிர்ந்ததாகத் தோன்றக்கூடும். துருப்பிடித்த தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் ஓடும் இந்த அளவுக்கு ஏமாற்றமாட்டா. களஞ்சியக் கூரைகள் நிறைந்த ஒரு பகுதி பக்கத்துக் குடியிருப்பைவிடக் குளிர்ச்சி என்று வந்தால், அங்கே மரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூரையைச் சந்தேகியுங்கள்.

துறைமுக நகரத்தை ஆராய விரும்புவோருக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. லெவல் 2 வெப்பநிலைக் கணிப்பு, ஆஸ்டர் என்ற செய்மதிக் கருவியின் 2000 முதல் 2008 வரையான படங்களிலிருந்து தொகுக்கப்பட்ட கதிர்வீசுதிறன் தரவை அடிப்படையாகக் கொள்கிறது. அந்த ஆண்டுகளில் அந்த இடம் கடல். மணல் நிரப்பும் வேலை தொடங்கியதே 2014 இல். எனவே அங்கு கிடைக்கும் பாகைகளை நகரத்தின் மற்றப் பகுதிகளோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். எஸ்டி கியூஏ கோப்பு அந்தப் பிக்சல்களுக்கு எவ்வளவு நிச்சயமின்மையைக் காட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் கோப்பின் எண்ணை 0.01 ஆல் பெருக்கினால் கெல்வினில் விடை வரும்.

கட்டடச் சுட்டியிலும் இதே துறைமுக நகரம் வம்பு செய்யும். குற்றலை அகச்சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடையிலான அந்தச் சுட்டி காய்ந்த வெறும் மணலையும் கட்டடம் என்றே சொல்லும். சதுப்பு நிலங்களில் இதற்கு எதிரான சிக்கல். கொலன்னாவை, தலங்கம பக்கம் நீரின் மேல் ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் படர்ந்திருந்தால் தாவரச் சுட்டி அதைக் காட்டுக்கு ஒப்பாகக் காட்டும். கொழும்பு 2018 இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டதால் இந்த நிலங்களைப் பற்றி எழுத விரும்புவோர் அதிகம். அவர்கள் தாவரச் சுட்டியோடு நிறுத்தாமல் குற்றலைப் பட்டையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரு ஆண்டுகளை ஒப்பிடும் முறை பற்றி: ஒரு நாளின் படத்தில் 34 பாகை, பத்து ஆண்டு கழித்து இன்னொரு நாளின் படத்தில் 37 பாகை என்றால் நகரம் மூன்று பாகை சூடாகிவிட்டது என்று பொருளல்ல. முந்திய நாள் மழை, அன்றைய காற்று, வளியின் ஈரப்பதம் ஆகிய எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு படத்திலும் மாறாத ஓர் இடத்தைத் தெரிந்து, அதிலிருந்து மற்ற இடங்கள் எவ்வளவு கூடின, குறைந்தன என்று கணித்து, அந்த வேறுபாடுகளை ஒப்பிடுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரே பருவத்தில் குறைந்தது இரண்டு, மூன்று படங்களாவது இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆண்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், படங்களைக் குறைக்காதீர்கள்.

9. திணைக்களங்களிடம் கேட்க வேண்டியவை

காற்று வெப்பநிலை, மழை ஆகியவற்றுக்கு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தை நாட வேண்டும். விரிவான இலக்க வரைபடத் தரவுக்கு நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களம். மேகமில்லாத நாட்களின் பட்டியல் தயாரான பின்னரே இரண்டுக்கும் போங்கள். "பத்தாண்டு வெப்பநிலைத் தரவு" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதைவிட, குறிப்பிட்ட நிலையம், குறிப்பிட்ட திகதிகள், அவற்றுக்கு முந்திய மூன்று நாட்களின் மழை என்று கேட்டால் கோரிக்கையும் சிறியதாகும், கட்டணமும் குறையும்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: துறைத்தலைவர் அல்லது மேற்பார்வையாளர் ஒப்பமிட்டு, பல்கலைக்கழக முத்திரை பதித்த கடிதம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, மாணவர் அடையாள அட்டை, ஆய்வின் நோக்கத்தைக் கூறும் அரைப்பக்கக் குறிப்பு. கடிதத்தில் தரவு கல்விக்கு மட்டும் என்பது எழுதப்பட்டிருக்கட்டும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒரு பிரதியும் வைத்திருந்தால் கோப்பு மேசைக்கு மேசை நகரும்போது தாமதம் குறையும். சட்டப்படி தமிழில் கொடுக்கலாம் என்பது வேறு விடயம். கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளாகும் என்பதைத் தரவுக்குப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். விண்ணப்பித்த திகதியும் பொறுப்பேற்றவரின் பதவியும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். ஓர் அலுவலகத்தில் என் கடிதம் எந்த மேசையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பல முறை படியேற வேண்டியிருந்தது. ஆகவே தரவு தேவைப்படும் நாளுக்கு இரண்டு மாதம் முன்னரே கடிதத்தைக் கொடுத்துவிடுவது எனது பரிந்துரை.

10. நேரில் சரிபார்த்தல்

லேண்ட்சாட் எந்த நாளில் கடக்கும் என்பதை அமெரிக்க புவியியல் அளவை நிறுவனத்தின் தளத்திலுள்ள அட்டவணையில் முன்கூட்டியே அறியலாம். அந்த நாளில் காலை பத்து மணிக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியோடு சில இடங்களை அளந்தால் உங்கள் ஆய்வின் மதிப்பு கூடும். தொழில்துறை வகைக் கருவியையே வாங்குங்கள் அல்லது ஆய்வுகூடத்தில் இரவல் பெறுங்கள். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த வெப்பமானி உடல் வெப்ப எல்லைக்குள் மட்டுமே அளக்கும். நாற்பத்தைந்து பாகைக் கூரைக்கு அது உதவாது.

நூறு மீற்றருக்கு நூறு மீற்றர் ஒரே சீரான பரப்புகளைத் தெரிவு செய்யுங்கள்: பெரிய விளையாட்டு மைதானம், அகன்ற வாகனத் தரிப்பிடம், வாவி நீர். ஒரே பரப்பில் பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். கோட்டைப் பகுதி, துறைமுகச் சுற்றாடல், பாராளுமன்றத்தை அண்டிய பகுதி ஆகியவற்றில் கருவியோடு நின்றால் விசாரிப்பார்கள். அடையாள அட்டையும் கடிதத்தின் பிரதியும் கையிலேயே இருக்க வேண்டும். நமது தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் கேள்விகள் சற்று நீளக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்த இடங்களைத் தவிர்த்துவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். டிரோன் பறக்கவிடுவதற்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி தேவை. இந்த ஆய்வுக்கு அது அவசியமும் இல்லை.

11. ஆய்வேட்டில் எழுத வேண்டிய விவரங்கள்

ஒவ்வொரு படத்தின் முழு அடையாளப் பெயர், திகதி, கடந்த நேரம், தடம், வரிசை, கலெக்ஷன், லெவல், நீக்கிய பிக்சல்களின் வீதம் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் கொடுங்கள். வரைபடத் தலைப்பில் "வெப்பநிலை" என்று மொட்டையாக எழுதாமல் "தரை வெப்பநிலை, காலை" என்று எழுதுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாகச் சராசரி எடுக்கும்போது, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறிய பிரிவுகளுக்கு எத்தனை தெளிந்த பிக்சல்கள் எஞ்சின என்பதையும் ஒரு நிரலில் காட்டுங்கள். பரீட்சகர் கேட்கும் முதற் கேள்விகளுள் அதுவும் ஒன்றாக இருக்கும்.

லேண்ட்சாட் தரவுக்கு அமெரிக்க புவியியல் அளவை நிறுவனத்தையும், சென்டினல் தரவுக்கு கோப்பர்னிக்கஸ் திட்டத்தையும் ஆண்டோடு குறிப்பிட்டு நன்றி தெரிவிக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தில் பெற்ற வரைபடத்தை அச்சில் வெளியிட அனுமதி வேண்டுமா என்பதை வாங்கும் அன்றே கேட்டு, பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய மூலக் கோப்புகளையும் எம்டிஎல் கோப்பையும் வாய்மொழிப் பரீட்சை முடியும்வரை அழிக்காதீர்கள்.